கைக்குப் பின்னால் வந்த படம்

போன வாரம் டீ குடிக்க நம் கம்ப்யூட்டர் கடைப்பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் போனில் பேசியதைக் கேட்டேன். யார் என்று சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும். "மெஷின் பக்காவா இருக்கு சார், டெஸ்ட் எல்லாம் ஓட்டிப் பாத்துட்டோம், உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். வைத்த பிறகு மெதுவாக, "கிறுக்கன்" என்று ஒரு வார்த்தை வேறு. நான் டீயை முடித்துவிட்டுக் கிளம்பினேன். கடையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஆள் டீ குடித்தோமா போனோமா என்று இருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேலை இல்லாத மத்தியானத்தில் படியுங்கள்.

ரேம் மாட்டுவது, டிஸ்க் மாற்றுவது, எந்த கார்டுக்கு எந்த பவர் சப்ளை என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது ரோஸ்லினைப் பற்றி.

ரோஸ்லின் நம் ஊரை ஒட்டிய மாப்பிள்ளையூரணிப் பெண். நான் கடையை உங்களிடம் விடுவதற்கு முந்தைய வருடம் வந்தாள். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் சி.பி.யு.வை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அந்தப் பெட்டிக்கு ஓர் உறை வேறு. பழைய சேலையை மடித்துத் தைத்து, வாயில் சுருக்குக் கயிறு போட்டது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு அவள் அம்மா செய்திருந்த பாதுகாப்பு அது.

"ஓடும்போதாவது இத கழட்டுவியா?" என்று கேட்டேன்.

"அம்மா வீட்டுல இல்லாதப்ப கழட்டுவேன் அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே திறந்தேன். உறை போட்டும் உப்பு உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கெஞ்சித்தான் கழற்ற வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் அவள் அண்ணன் வாங்கியது. அவன் கப்பல் வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். வயசான மெஷின். அதில் கேம் நன்றாக ஓட வேண்டும் என்றாள்.

"என்ன கேம்மா? சுடுறதா, கார் ஓட்டுறதா?"

"கிரேன் ஓட்டுறது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டியைத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரியின் மேல் வைக்கிற பெரிய கிரேன் இருக்கிறதே, அதை ஓட்டுகிற விளையாட்டு. அண்ணன் வெளிநாட்டில் வாங்கி அனுப்பிய ஜாய்ஸ்டிக்கைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். ரோஸ்லின் துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை செய்தாள். கிரேனுக்குக் கீழே நின்று, இறங்குகிற பெட்டிகளின் நம்பரைச் சரிபார்க்கிற வேலை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துப் பார்த்து, மேலே அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கம்பெனியில் பயிற்சி ஆபரேட்டருக்கு ஆள் எடுத்தார்கள். நிஜ கிரேன் மாதிரியே செய்து வைத்த கூண்டில் உட்கார்த்தி, பெரிய திரையைப் பார்த்து ஓட்டச் சொல்வார்கள், அதுதான் டெஸ்ட். ரோஸ்லின் வீட்டு கம்ப்யூட்டரில் ராப்பகலாகப் பழகிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தோற்றுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுப்பார்களாம்.

"இதுலயும் போச்சுன்னா அவ்வளவுதான் அண்ணாச்சி. பெறவு ஆயுசுக்கும் கீழ நின்னு நம்பர் எழுத வேண்டியதுதான்" என்றாள். "இந்த மெஷின் இழுத்து இழுத்து ஓடுது. அங்கன படம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. அதே மாதிரி எனக்கு வேணும்."

நியாயமான ஆசை. செய்து கொடுத்தேன். புது டிஸ்க், கூட ரேம், நல்ல நிலையில் இருந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதற்குத் தக்க பவர் சப்ளை. முன்பு திக்கித் திக்கி ஓடிய படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கடலில் சின்ன அலைகூடத் தெரிந்தது. எனக்கே உட்கார்ந்து ஒரு பெட்டி தூக்கலாமா என்று ஆசையாக இருந்தது. கழற்றிய பழைய கார்டையும் டிஸ்க்கையும் ஒரு கவரில் போட்டு, எடுத்துப் போகச் சொன்னேன். மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, கடை திறந்த கையோடு ஸ்கூட்டர் வந்து நின்றது. இந்தத் தடவை பின்னால் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். மடியில் சி.பி.யு., அதே சேலை உறையில். ரோஸ்லினுக்குக் கண் வீங்கியிருந்தது.

"என்ன அண்ணாச்சி இப்படி கெடுத்துப்புட்டியளே!" என்று இறங்கும்போதே ஆரம்பித்தார் அம்மா. "பிள்ள மூணு நாளா ஒரு பெட்டியும் ஒழுங்கா வைக்க மாட்டேங்கா. பழைய மெஷின்ல கண்ணை மூடிட்டு வைப்பா. ஏற்கனவே இவ அப்பா சங்கு குளிக்கிறேன்னு தண்ணிக்கு அடியில கெடக்காரு. மவ ஆகாசத்துல போய் உக்காரணுமாம். நடுவுல கெடந்து நான் சாவுதேன்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். உங்களுக்குத் தெரியாததா? சி.பி.யு.வை வாங்கி மாட்டி, டெஸ்ட் எல்லாம் ஓட்டினேன். சூடு ஏறவில்லை. படம் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. "பாரும்மா, முன்னால இருந்ததுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் மூணு மடங்கு வேகம். இந்தா நம்பர், நீயே பாத்துக்கோ" என்று திரையைக் காட்டினேன்.

"நம்பரை வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? எனக்குப் பெட்டி உக்கார மாட்டேங்கே" என்றாள்.

சரி, ஓட்டு என்றேன். ஜாய்ஸ்டிக்கை மாட்டி உட்கார்ந்தாள். திரையில் பெட்டி கப்பலிலிருந்து எழும்பியது, கரைப்பக்கம் நகர்ந்தது, லாரிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பெட்டி ஆட ஆரம்பித்தது. ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து இறக்க நேரமாகிவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அவள் கையை எடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"பழைய கார்டையே போட்டுத் தந்துருங்க அண்ணாச்சி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். திங்கக்கிழமை டெஸ்ட்."

கேட்கிறவள் அழுகிறாள். அம்மா என்னை எரித்துவிடுவது போல் பார்க்கிறார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். சி.பி.யு.வைத் திறந்துகொண்டே, பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

"ஏம்மா, போன தடவை டெஸ்ட்ல என்னத்துல தோத்த?"

"பெட்டி முன்னாலயே நின்னுட்டு அண்ணாச்சி. பெறவு தள்ளப் போயி ஆட ஆரம்பிச்சுட்டு. பயத்துல கை நடுங்கிட்டு போல."

கார்டு பாதி கழன்ற நிலையில் என் கை நின்றுவிட்டது. முன்னாலேயே நின்றது. பிறகு ஆடியது. இப்போதுதான் என் கண்ணெதிரே அதே மாதிரி நடந்தது. இங்கே யாரும் அவளைப் பயமுறுத்தவில்லை.

பழைய கார்டையும் பழைய டிஸ்க்கையும் மாட்டினேன். கம்ப்யூட்டர் தன் பழைய உடம்புக்குத் திரும்பிவிட்டது. படம் முன்போலவே இழுத்து இழுத்து ஓடியது. ரோஸ்லின் உட்கார்ந்தாள். முதல் பெட்டி லாரியின் மேல் பொத்தென்று சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதும். மூன்றாவதும்.

"அப்பாடா!" என்று அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, உயிர் வந்துச்சு. இத முதல்லயே செஞ்சிருக்கலாம்லா அண்ணாச்சி?" ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுருக்குப் போட்ட சேலை உறையைக் கையில் எடுத்துவிட்டாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கடையில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். திட்டியவர் வாழ்த்துகிறார். மெஷினைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக் கையசைத்து அனுப்பிவிட்டால் பிரச்சினை முடிந்தது. நம் தொழிலில் இதைவிட நல்ல காலை வேளை கிடையாது. நான் மட்டும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டும்.

"கொஞ்சம் இரு. இன்னும் ஒரே ஒரு பெட்டி தூக்கு" என்றேன். என் செல்போனை எடுத்து, அவள் கையும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி பிடித்து, ஸ்லோ மோஷனில் படம் எடுத்தேன். பிறகு மறுபடி புது கார்டையும் டிஸ்க்கையும் மாட்டி, அதே மாதிரி ஒன்று. அம்மா, "என்னத்துக்கு இது? சினிமாவா எடுக்கிய?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இரண்டையும் ரோஸ்லினிடம் காட்டினேன்.

புது மெஷினில் அவள் கை அசைந்ததும் பெட்டி அசைந்தது. பழைய மெஷினில் கை அசைந்து, கண் இமைக்கிற நேரம் கழித்துத்தான் பெட்டி நகர்ந்தது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஸ்லோ மோஷனில் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

"பழைய மெஷின்ல படம் ஒன் கைக்குப் பின்னால வந்துருக்கு" என்றேன். "லாரிகிட்ட வந்துட்டுன்னு திரை காட்டுறதுக்குள்ள பெட்டி லாரியைத் தாண்டிப் போயிரும். அதனால ஒன் கை என்ன பண்ணுச்சு? கொஞ்சம் முன்னாலயே நிறுத்தப் பழகிட்டு. நீ பழக்கல, கை தானாப் பழகிட்டு. டெஸ்ட் கூண்டுல படம் பின்னால வராது. அங்கன போயும் நீ முன்னாலயே நிறுத்திருக்க. பயமும் இல்ல, நடுக்கமும் இல்ல."

அவள் அந்தப் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். உறை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அப்போ நான் இவ்வளவு நாளும் தப்பாவா பழகினேன்?"

"தப்பு இல்லம்மா. இந்த மெஷினுக்கு நீ சரியாத்தான் பழகிருக்க. ஆனா வேலை இந்த மெஷின்ல இல்லியே."

அம்மாவுக்கு இப்போது உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "திங்கக்கிழமை டெஸ்ட் அண்ணாச்சி! வருசக்கணக்காப் பழகின கையை அதுக்குள்ள எப்படி மாத்துவா? அரைகுறையா மாத்திட்டுப் போயி, அதுவும் இல்லாம இதுவும் இல்லாம நின்னான்னா? நீங்களா பொறுப்பு?"

அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கும் பயம். பாதி மாறிய கை பழைய கையைவிட மோசம். நான் கிரேன் ஏறியவன் இல்லை. அந்தக் கூண்டை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு இடத்தில் ஒரே மாதிரி பெட்டி நின்றது என்பது மட்டும்தான். அதை நம்பி ஒரு பெண்ணின் கடைசி வாய்ப்பை மாற்றச் சொல்கிறேன். பொறுப்பு என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

"ஏளா, நீயே சொல்லு" என்று அம்மா மகளிடம் திரும்பினார்.

ரோஸ்லின் குனிந்து உறையை எடுத்தாள். பிறகு, "பழசைப் போட்டா வீட்டுல ஜெயிப்பேன்மா" என்றாள். "வீட்டுல ஜெயிச்சு என்ன செய்ய? புதுசே இருக்கட்டும்."

அவ்வளவுதான். புது மெஷினை மூடிக் கொடுத்தேன். பழைய கார்டையும் டிஸ்க்கையும் மட்டும் கொடுக்கவில்லை. "இது கடையிலயே இருக்கட்டும். வீட்டுல இருந்தா மனசு தளர்ற நேரம் இதத்தான் தேடுவ" என்றேன். அவள் தலையாட்டினாள். அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளாமலேயே ஸ்கூட்டரில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "வரமாட்டேங்கு அண்ணாச்சி. கை கேக்க மாட்டேங்கு." சனிக்கிழமை, "நாலு வச்சா ஒண்ணு உக்காருது" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாத வேலை பார்த்துவிட்டோமே, கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பிள்ள சாப்பிட மாட்டேங்கா அண்ணாச்சி. அந்தப் பழசைக் கொண்டாந்து போட்டுருங்களேன். தோத்தாலும் தைரியமாவாவது போவால்லா?"

நான் என்ன கல்லா? கடையைத் திறந்து பழைய கார்டையும் டிஸ்க்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்கு பைக்கில் போனேன். வழியெல்லாம், போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் அம்மா நின்றார். உள்ளே ரோஸ்லின் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா கூப்பிட வாயெடுத்தார். கையமர்த்திவிட்டு நின்று பார்த்தேன். பெட்டி வந்தது, முன்னாலேயே நின்றது. "சே!" என்றாள். அடுத்தது வந்தது. லாரிக்குக் கிட்டே வரும்போது அவள் கை ஒருதரம் முன்கூட்டியே நிறுத்தப் பார்த்தது. அதை அடக்கினாள். பெட்டி நேராக லாரியின் மேல் வந்து நின்றது. இறக்கினாள். அடுத்ததும் உட்கார்ந்தது. அதற்கடுத்தது தப்பியது. இந்தத் தடவை அவள் "சே" என்று சொல்லவில்லை. "பழைய கை" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினாள்.

அந்த இரண்டு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. தப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என் கையிலிருந்த பையைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு மகள் பக்கத்தில் வைத்தார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை கடையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு லேப்டாப்பைப் பிரித்துப்போட்டுவிட்டு அதன் ஸ்க்ரூவைத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததும் ஒரே இரைச்சல். லாரி ஹாரன், காற்று. நடுவே அவள் குரல்.

"முதல் பெட்டி முன்னாலயே நின்னுட்டு அண்ணாச்சி!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போன தடவைன்னா அதோட பதறிருப்பேன். இப்பதான் அது யாருன்னு தெரியுமே, பழைய கைன்னு சொல்லிட்டு விட்டுட்டேன். மத்ததெல்லாம் உக்காந்துட்டு. எடுத்துட்டாங்க அண்ணாச்சி! என்னை எடுத்துட்டாங்க!"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொந்தப் பிள்ளை பாஸானபோதுகூட எனக்கு அப்படி மூச்சு வந்ததில்லை. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கீழ உக்காந்துட்டு சிரிக்கிய?" என்றார். "ஸ்க்ரூவைத் தேடுதேன்" என்றேன். சாயங்காலம் ரோஸ்லின் அம்மா ஒரு தூக்குச் சட்டி நிறைய பொரித்த சீலா மீனோடு வந்தார். நான் எப்போதும் இரண்டு துண்டோடு நிறுத்துகிற ஆள். அன்றைக்குச் சட்டியைக் காலியாக்கித்தான் கொடுத்தேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? "உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்று சொல்லாதீர்கள். ரோஸ்லின் சொன்னது அத்தனையும் உண்மை. பெட்டி உட்காரவில்லை என்றாள், உட்காரவில்லைதான். அவள் கேட்ட மருந்துதான் தப்பு. வலி எங்கே என்று வாடிக்கையாளர் சொன்னால் முழுசாக நம்புங்கள். அவர் கேட்கிறார் என்பதற்காக உடனே எதையும் கழற்றாதீர்கள். முன்னால் எங்கே, எப்படி இந்த மாதிரி நடந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். நம்முடைய டெஸ்ட் எல்லாம் மெஷினைத்தான் பார்க்கும். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை நாம்தான் பார்க்க வேண்டும்.

ரோஸ்லின் பயிற்சி முடித்து மேலே ஏறின பிறகு ஒருநாள் சீருடையோடு கடைக்கு வந்தாள். நான் மேசை இழுப்பறையில் ஏதோ தேடியபோது அந்தப் பழைய கார்டு அவள் கண்ணில் பட்டது. எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"வேணும்னா எடுத்துட்டுப் போம்மா, ஒன் சாமான்தான்" என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டி, இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினாள். ஸ்கூட்டரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டபடி அந்தப் பழசையே போட்டு அனுப்பிருந்தியன்னா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருப்பேன் அண்ணாச்சி" என்றாள். "போயித் தோத்துருப்பேன்."